இரண்டு பேர் எண்ண வேண்டிய தட்டு

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

கிழித்துப் போடுவதானால் ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கிழி. உன் புருஷனிடம் காட்டாதே. அவன் எனக்குத் தம்பிதான், ஆனால் நீங்கள் ஊரை விட்டுப் போனதிலிருந்து என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறான். மாடிவீட்டுக்காரர் போனிலிருந்து ஒருமுறை கூப்பிட்டேன். ஹலோ என்றான், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அதனால்தான் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் விலாசத்துக்கு எழுதுகிறேன். உன்னைப் பற்றி விசாரித்து அங்கிருந்து நம் ஆய்வகத்துக்கு வந்த கடிதத்தில் அந்த விலாசம் இருந்தது.

எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. வலது கண் டிசம்பரில், இடது கண் ஜனவரியில். இரண்டிலும் புரை. டாக்டர் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு முத்தின புரையோட என்ன வேலைம்மா பாத்தீங்க?" என்றார். கிருமி எண்ணுகிற வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது குளியலறைச் சுவர். அந்த ஓடுகள் வெள்ளை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மூலைக்கு மூலை கறுப்பு. நீ இங்கே இருந்தவரை எனக்குத் தெரியாமல் தேய்த்து வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. நீ போன பிறகு அதைத் தேய்க்க ஆளில்லை. எனக்கு அழுக்கே தெரியவில்லை.

சென்ற திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஏதோ ஒரு கம்பெனியின் கைகழுவும் திரவச் சோதனை. கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டை எடுத்து விளக்கின் மேல் வைத்தேன். கிருமிப் புள்ளிகள் வழக்கம்போல மிளகு அளவில் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஊசிமுனை மாதிரி இன்னொரு வகை, ஏராளமாக. நான் பார்த்தே பல காலமானவை. ஒன்றைக் கம்பியால் தொட்டுக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கிருமிதான். மருந்து பட்டுச் சாகாமல் பிழைத்துக்கொண்ட கிருமி அப்படித்தான் குன்றி வளரும் என்று உனக்கு நானேதான் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தேன்.

அக்டோபரில் அந்த நீலப் பாட்டில் சானிடைசருக்கு நீ எண்ணியதும் இதே மாதிரிப் புள்ளிகள்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே தட்டில் உனக்கு அறுபத்து நாலு, எனக்குப் பதினொன்று. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பது விதி. மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார். நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "அகார் கூழுக்குள்ள இருக்கற காத்துக் குமிழியையெல்லாம் எண்ணியிருக்கா சார். என் கண்ணை நம்புங்க" என்றேன். நம்பினார். இருபத்தாறு வருடமாகக் கழுகு என்று பெயர் வாங்கியவள் சொன்னால் நம்பத்தானே செய்வார்.

உன் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு. நடந்தது நடந்துவிட்டது. தம்பியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் ரிப்பேர் என்று ராத்திரி பகல் பார்க்காமல் குனிந்து கிடக்க வேண்டாம் என்று சொல்.

உன் நாத்தனார்,
பெரியவள்

பிப்ரவரி 21

கழுகு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் நன்றாகத் தெரிகிறது என்று அறிந்து சந்தோஷம். நான் இதைக் கிண்டலாக எழுதவில்லை. முதல் வரி மட்டும் கிண்டல்தான்.

மற்றபடி உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று, 'தோன்றுகிறது'. இன்னொன்று, 'புண்படுத்தியிருந்தால்'. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பிறகும் உங்களுக்கு இன்னும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறதா? அன்றைக்கு அந்த அறையில் 'குமிழி' என்றபோது உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை, அடித்துச் சொன்னீர்கள். அடுத்த நாளிலிருந்து பாட்டில் கழுவுகிறவர் வரை என்னைக் குமிழி என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோராம் நாள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். 'கவனக்குறைவு' என்று அதில் இருந்தது.

இங்கே இருந்து வந்த விசாரணைக் கடிதத்தில் விலாசத்தை மட்டும்தான் பார்த்தீர்களா? அதற்கு உங்கள் ஆய்வகம் என்ன பதில் போட்டது என்றும் பார்த்திருக்கலாம். 'எண்ணிக்கையில் தொடர்ந்த கவனக்குறைவு காரணமாக விடுவிக்கப்பட்டார்.' தொடர்ந்த என்ற சொல்லை யார் சேர்த்தார்களோ. இங்கே பொறுப்பில் இருக்கும் மேட்ரன் என்னைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார். எனக்குத் தகுதிகாண் காலம் ஏப்ரல் முப்பதாம் தேதி முடிகிறது. அதற்குள் என்னைப் பற்றி இன்னொரு புகார் வந்தால் அனுப்பிவிடுவோம் என்றார்.

புகார் வராமல் இருக்குமா? கேளுங்கள். இந்த இல்லத்தில் ஒவ்வொரு அறைக்கதவின் பக்கத்திலும் சுவரில் ஒரு நீலப் பாட்டில் மாட்டியிருக்கிறது. அதே கம்பெனி, அதே நீலம். நம் ஆய்வகம் பாஸ் போட்ட அதே சானிடைசர். இதைத் தேய்த்தால் முப்பது வினாடியில் கை சுத்தம் என்று மேலே எழுதியிருக்கிறது. நாற்பது பேரைத் துடைத்து, ஊட்டி, துணி மாற்றி, ஒவ்வொரு அறைக்கும் நடுவில் இதை அழுத்திக்கொண்டு ஓட வேண்டும் என்பதுதான் இங்கே சட்டம். என்னால் முடியவில்லை. அதன் தட்டில் அறுபத்து நாலு புள்ளி இருந்ததைப் பார்த்தவள் நான். அதனால் ஒவ்வொரு தடவையும் வராந்தா கடைசிக்கு நடந்து போய்ச் சோப்புப் போட்டுக் குழாயில் கழுவுகிறேன். மற்றவர்கள் எட்டு அறை முடிக்கும் நேரத்தில் நான் ஐந்துதான் முடிக்கிறேன். ஏற்கெனவே ஒரு மெமோ. குழாயடிக்காரி என்று புதுப் பெயர் வேறு. நான் எங்கே போனாலும் தண்ணீர் சம்பந்தப்பட்ட பெயராகவே கிடைக்கிறது.

உங்கள் மன்னிப்பை வைத்து நான் என்ன செய்யட்டும்? அதை மேட்ரனிடம் காட்ட முடியாது. மேலாளருக்கு எழுதுங்கள். எனக்கு எழுதியதில் பாதியை அவருக்கு எழுதினாலே போதும்.

உங்கள் தம்பிக்கு முதுகு பரவாயில்லை.

சின்னவள்

மார்ச் 5

சின்னவளுக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் பெரியவர்களிடம் பேசுகிற முறை என்று ஒன்று இருக்கிறது. கழுகு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மேலாளருக்கு எழுது என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். எனக்கு ரிட்டயர்மெண்டுக்குப் பதினாலு மாதம் இருக்கிறது. இப்போது போய் என் கண் சரியில்லை என்று எழுதினால் அந்த ஒரு சோதனையோடு நிற்குமா? நான் கையெழுத்துப் போட்ட எல்லா ஃபைலையும் தோண்டுவார்கள். ஆய்வகத்தின் அங்கீகாரமே ஆட்டம் கண்டுவிடும். அங்கே இருபது குடும்பம் பிழைக்கிறது. உனக்காக வேண்டுமானால் மேட்ரனுக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். இவள் என் தம்பி மனைவி, கைசுத்தம் வாய்சுத்தம் உள்ளவள், நம்பலாம் என்று எழுதுகிறேன். என் பெயருக்கு இந்தத் துறையில் இன்னும் மரியாதை இருக்கிறது.

நீலப் பாட்டிலைப் பற்றி நீ ரொம்பப் பெரிதாக எண்ண வேண்டாம். அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஓரளவு கொல்லத்தான் செய்யும்.

மார்ச் 6

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். காலையில் படித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அப்படியே அனுப்புவது என்று முடிவு செய்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும். ஓரளவு கொல்லும் என்று எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தவள் எழுதுகிற வரியா இது?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் கடிதத்தில் அதை மென்று விழுங்கிவிட்டேன்.

என் கண் அக்டோபரில் திடீரென்று மங்கவில்லை. அதற்கு முன்னாலேயே ஒரு வருடமாக எனக்குச் சின்னப் புள்ளிகள் தெரியாது. எனக்கே அது தெரியும். பஸ் நம்பர் கிட்டே வந்தால்தான் தெரிந்தது. டாக்டரிடம் போனால் புரை என்பார், புரை என்றால் எண்ணுகிற மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று போகவில்லை. அந்த ஒரு வருடமும் நான் எண்ணவில்லை. தட்டை விளக்கில் வைத்து, மார்க்கரால் தொட்டுத் தொட்டுப் பாசாங்கு செய்துவிட்டு, எதிரில் மேசையில் கிடக்கும் உன் தாளை ஓரக்கண்ணால் பார்த்து அதற்கு இரண்டு கூட்டியோ குறைத்தோ எழுதினேன். எண்ணும் இரண்டு பேர் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் விதி சொன்னவள் நான்.

அக்டோபரில் தணிக்கைக்காரர்கள் வந்து, எண்ணி முடித்த தாளை உடனே கவரில் போட்டு ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நீலப் பாட்டில்தான் நான் பார்த்து எழுத வழியில்லாமல் போன முதல் சோதனை. சோதனைக்குக் கை கொடுத்த பதினெட்டுப் பேரின் தட்டையும் நானே எண்ணினேன். எனக்குத் தெரிந்த பெரிய புள்ளிகளை மட்டும் எண்ணினேன். மேலாளர் இரண்டு கவரையும் பிரித்தபோதே யார் எண் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குமிழி என்றேன்.

இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை. இப்போது கிழித்துப் போடு.

பெரியவள்

மார்ச் 16

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று நாள் துணி அலமாரியில் வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் பதில் எழுதத் தைரியம் வந்தது. ஏனென்றால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்ன பிறகு உங்களைத் திட்டும் உரிமை எனக்குப் பாதியாகக் குறைந்துவிடும்.

நீங்கள் என் தாளைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் முப்பத்தெட்டு என்று எழுதுவதற்குப் பதிலாகத் தப்பாக எண்பத்து மூன்று என்று எழுதிவிட்டேன். நீங்கள் எண்பத்து நாலு என்று எழுதினீர்கள். தட்டில் அத்தனை புள்ளி இருக்கவே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு என் தாளைத் திருத்தினேன். சற்று நேரத்தில் நீங்களும் இருமிக்கொண்டே திருத்தினீர்கள். அன்றிலிருந்து எண்களைப் பெரிதாக எழுத ஆரம்பித்தேன். தாளை உங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். எனக்கு அவ்வளவு தாகம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? தம்பியைப் படிக்க வைத்தவர் நீங்கள். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். நான் குடியிருந்தது உங்கள் வீடு. உங்கள் கண் போய்விட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் வேலையும் போய்விடும். என் எண் சரியாக இருக்கிறது, அதைப் பார்த்து எழுதினால் உங்கள் எண்ணும் சரியாகத்தானே இருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாத்ரூம் ஓடு தேய்த்த மாதிரிதான் இதுவும். நான் தேய்த்துக்கொண்டே இருந்ததால்தான் அழுக்கு இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நீலப் பாட்டில் தட்டுகளை எண்ணுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது உங்களிடம் வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, இந்தத் தடவை புள்ளி ரொம்பக் குட்டியா இருக்கு. இன்னும் ஒரு நாள் இன்குபேட்டர்ல விட்டா பெருசாயிடும். விடலாமா?" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றீர்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. அப்போதே, "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்கா" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

மேலாளர் அறையிலும் சொல்லவில்லை. நீங்கள் குமிழி என்றபோது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களே திருத்திக்கொள்வீர்கள், அந்த எண்பத்து நாலைத் திருத்திய மாதிரி, ஒரு இருமலுக்குப் பிறகு திருத்திக்கொள்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் இருமவில்லை. என் கோபம் முழுக்க அதற்குத்தான், வேலை போனதற்கு இல்லை.

ஆனால் அக்கா, நான் கோபத்தில் வாயை மூடிக்கொண்டு வந்ததில் அந்தப் பாட்டில் சுவர் ஏறிவிட்டது. கம்பெனிக்கு, தணிக்கைக்காரர்களுக்கு, யாருக்காவது நான் எழுதியிருக்கலாம். எழுதினால் உங்கள் பெயர் வரும் என்று உங்கள் தம்பி சொன்னார், நானும் விட்டுவிட்டேன். அவர் உங்கள் போனை எடுக்கமாட்டார், ஆனால் உங்களை மாட்டிவிடவும் மாட்டார். அப்படி ஒரு பிறவி.

போன வாரம் கிழக்குப் பக்க அறைகளில் ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. என்னிடம் இருப்பது மேற்குப் பக்கம், அதில் ஒருவருக்கும் இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, சொல்லவே பயமாக இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர் தையல்காரர். எண்பத்தோரு வயது. வந்த புதிதில் என் சீருடையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா தச்சது இதை, பகையாளியா?" என்று கேட்டு, தோள்பட்டையைப் பிரித்து அவரே தைத்துக் கொடுத்தார். அவருக்கு டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். உள்ளே போகும்போது கதவருகே அந்தப் பாட்டில். நான் அழுத்தாமல் குழாய்க்குப் போனேன். மேட்ரன் பார்த்தார். இரண்டாவது மெமோ வரும்.

உங்களுக்கு மட்டும் எழுதச் சொல்லிவிட்டு நான் ஒதுங்க மாட்டேன். மேலாளருக்கு நீங்கள் எழுதும்போது, எனக்கு ஒரு வருடம் தெரிந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.

சின்னவள்

மார்ச் 25

சின்னவளுக்கு,

எழுதிவிட்டேன். மூன்று பக்கம். இருபத்து மூன்றாம் தேதி காலையில் மேலாளர் கையில் நேராகக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். "இதை எழுத்துல குடுத்துத்தான் ஆகணுமாம்மா?" என்றார். ஆமாம் சார் என்றேன். வாயால் சொன்னால் நாளைக்கு நானே குமிழி என்று சொல்லிவிடுவேன், எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

உன்னைப் பற்றி நீ சொன்னதையும் எழுதினேன். எழுத மனமில்லை. நான்கு தடவை அந்தப் பத்தியை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். விட்டால் அதுவும் ஒரு பொய் எண்ணிக்கைதான் என்று சேர்த்துவிட்டேன். உனக்கு அதனால் கெடுதல் வந்தால் அந்தப் பாவமும் என்னையே சேரும்.

நீ பெரிதாக எழுதிய எண்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவளுக்குக் கையெழுத்து இவ்வளவு மோசமா, எட்டு எழுதச் சொன்னால் பூசணிக்காய் வரைகிறாளே என்று ஒருநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேலி செய்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். அதை நினைத்தால் எனக்கு இப்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விசாரணை முடியும்வரை என்னைப் பாட்டில் கழுவும் அறையில் லேபிள் ஒட்டப் போட்டிருக்கிறார்கள். ஒட்டுகிறேன். கோணல் இல்லாமல் ஒட்டுகிறேன். கழுகு என்று யாரும் கூப்பிடுவதில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடுவதில்லை.

ஒரு நல்ல விஷயம். சோதனைக்கு வந்த எந்தப் பொருளிலும் சில பாட்டில்களைச் சீல் வைத்து இரண்டு வருடம் பத்திரப்படுத்துவோமே, நீலப் பாட்டிலும் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் மறுபடியும் சோதனை. பதினெட்டுப் பேர் கை கொடுக்க வேண்டும். பழைய ஆட்களில் பதினேழு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு கை குறைகிறது.

தையல்காரர் எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது.

பெரியவள்

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

தையல்காரர் இருபத்தெட்டாம் தேதி காலையில் இறந்துவிட்டார்.

வயது என்று டாக்டர் சொன்னார். இதயம் ஏற்கெனவே பலவீனம் என்று சொன்னார். பாட்டிலால்தான் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதனால் இல்லை என்று நீங்களும் நானும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

சின்னவள்

ஏப்ரல் 13

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று லேபிள் ஒட்டவில்லை. மேலாளரிடம் போய், அந்தப் பதினெட்டாவது கை நான் தருகிறேன் என்றேன். எண்ணுகிற வேலையில் நான் இல்லை, தோலில் காயம் இல்லை, விதியில் தடை எதுவும் இல்லை. சரி என்றார்.

நாலு நாள் மருந்துச் சோப்புத் தொடாமல், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். எட்டாம் தேதி வரிசையில் உட்கார்ந்தேன். உன் இடத்தில் வந்திருக்கிற புதுப்பெண் என் மணிக்கட்டைப் பிடித்து, கிருமிக் கரைசலில் பாதி உள்ளங்கை வரை முக்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஆயிரம் பேர் கையை நான் அதில் முக்கியிருக்கிறேன், வெதுவெதுப்பு என்று எனக்குத் தெரியாது. பிறகு கையைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் காய வேண்டும். எதையும் தொடக்கூடாது. மூக்கு அரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்க முடியவில்லை. அந்தப் பெண் மூக்கு அரிக்கிறதா ஆன்ட்டி என்று கேட்டுவிட்டு அவளே டிஷ்யூவால் துடைத்துவிட்டாள்.

நீலத் திரவத்தை ஊற்றினார்கள். முப்பது வினாடி தேய்த்தேன். நன்றாகத் தேய்த்தேன், விரல் இடுக்கெல்லாம். அது நல்ல மருந்தாக இருந்துவிடக் கூடாதா, என் பதினொன்றுதான் சரி என்று ஆகிவிடக் கூடாதா என்று தேய்க்கும்போது வேண்டிக்கொண்டேன். அப்படி ஆனால் தையல்காரர் கணக்கு என் தலையில் இருந்து இறங்கும். அதற்கு உன் பெயர் மறுபடி கெட்டாலும் பரவாயில்லை என்று அந்த முப்பது வினாடியில் நினைத்தேன். இதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். இனி உன்னிடம் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

முடிவு வந்துவிட்டது. பதினெட்டுக் கையிலும் அந்தத் திரவம் தேறவில்லை. கம்பெனிக்கும் தணிக்கைக்காரர்களுக்கும் அறிக்கை போய்விட்டது. உன்னைப் பற்றித் திருத்திய சான்று மேட்ரனுக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. மேலாளர் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உன் எண்ணிக்கை ஒவ்வொன்றும் சரி என்று எழுதியிருக்கிறார். என்னை மே மாதத்தோடு விடுவிக்கிறார்கள். ஒரு வருடம் முன்னதாக. யாரும் கத்தவில்லை, வழியனுப்பு விழாவும் இல்லை.

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். என் கையின் தட்டு. பெரிதாக்கி அச்சடித்துக் கேட்டு வாங்கினேன். வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் வைத்து எண்ணினேன். என் எண் சின்னக் கவருக்குள் இருக்கிறது, ஒட்டியிருக்கிறேன். நீ முதலில் எண்ணி எழுதிவிட்டு அப்புறம் பிரி. பார்த்து எழுதாதே.

பெரியவள்

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சான்று வந்தது. மேட்ரன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், இதுவரை அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்ததில்லை. எனக்குத் தெரிந்தும் ஒரு வருடம் சொல்லவில்லை என்பதும் அதில் இருந்தது. அதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்றார். தப்புதான் என்றேன். சான்றை ஃபைலில் போட்டுவிட்டு, முப்பதாம் தேதிக்குப் பிறகும் வா என்றார்.

நேற்று பாட்டில்களைக் கழற்றினார்கள். சுவரில் ஒவ்வொரு கதவுப் பக்கத்திலும் இரண்டு திருகாணி ஓட்டை மட்டும் இருக்கிறது. வராந்தாவின் இந்த முனையிலும் ஒரு குழாய் வைக்கப் போகிறார்களாம். தையல்காரர் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ரிட்டயரான டிரைவர். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் என் தோள்பட்டைத் தையலில் கை போகிறது.

போட்டோவை நீங்கள் சொன்னபடியே செய்தேன். பகல் வெளிச்சத்தில், மார்க்கரால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு. எழுபத்து மூன்று. தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டுத்தான் உங்கள் கவரைப் பிரித்தேன். உள்ளே தாள் முழுக்க, பூசணிக்காய் மாதிரி, எழுபத்தாறு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, இது யாருக்கு, கண் தெரியாதவங்களுக்கா என்றார். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். போன் கையில் இருந்தது. இன்னும் உங்கள் நம்பருக்குப் போட்ட தடையை எடுக்கவில்லை, ஆனால் எதையோ அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி எண்ணினேன் அக்கா. விளிம்பை ஒட்டி மூன்று இருந்தன. நான்தான் விட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். தையல்காரர் கணக்கு உங்கள் தலையில் என்று எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் மட்டும் எண்ணி எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் தட்டானாலும் இரண்டு பேர் எண்ண வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான். என் தாளிலும் அவரை எழுதியிருக்கிறேன்.

மே மாதம் முடிந்ததும் இங்கே வாருங்கள். எங்கள் வீட்டு பாத்ரூம் ஓடும் வெள்ளை இல்லை.

சின்னவள்